ஓட்டு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. பிறகு எது குறைகிறது?

தொண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறோம். ஆட்சி மாறுகிறது. கோர்ட் இருக்கிறது. டிவியில் எல்லாரும் எல்லாரையும் திட்டுகிறார்கள். அப்புறம் ஏன் ஜனநாயக உரிமைகள் தேய்ந்துவிட்டன என்று சிலர் புலம்புகிறார்கள்? எனக்குத் தெரிந்து நம் கடற்கரையில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியதற்காக யாரும் ஜெயிலில் இல்லையே?" கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு அவர் ஊர்க்காரர்கள் ஒருநாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார்களாம். "144 போட்டிருக்கு, நவம்பர்ல வாங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

தம்பி, உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. உண்ணாவிரதம் இருக்கும் உரிமையை உங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. நவம்பரில் வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கடல் ஊருக்குள் வந்த பிறகு தூண்டில் வளைவு கேட்டு உட்கார்ந்து என்ன பயன்? ஓட்டும் கோர்ட்டும் இருக்கிற நாட்டில் உரிமைகள் பெரும்பாலும் இப்படித்தான் குறைகின்றன. காகிதத்தில் ஒரு வரிகூட அழியாது. உரிமை உங்கள் கைக்கு வந்து சேர ஆகும் நாட்கள்தான் கூடிக்கொண்டே போகும்.

144 பற்றி முதலில் பேசிவிடலாம், நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அது ஏறக்குறைய ஒரு பருவம் மாதிரி ஆகிவிட்டது. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு போடுவார். சில ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒரே நீட்டாக இருந்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. ஊரில் இன்னும் 144 என்றுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பிரிவு எழுதப்பட்டது அவசரத்துக்காக. இப்போதே தடுக்காவிட்டால் உயிருக்கோ பொது அமைதிக்கோ ஆபத்து வரும் என்றால், காரணத்தை எழுத்தில் சொல்லி உத்தரவு போடலாம். அந்த உத்தரவுக்கு ஆயுள் அதிகபட்சம் 2 மாதம். மாநில அரசு நினைத்தால் மேலும் 6 மாதம் நீட்டலாம். அவசரம் என்பது வருடா வருடம் ஒரே தேதியில் வருவதில்லை. ஆனால் உத்தரவு வருகிறது.

இதைச் சொன்னால் பரமக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் என்னிடம் கோபப்படுவார்கள். "அதை எடுத்துட்டா யார் வீட்டுப் பிள்ளை சாகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1957இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் நடந்த சாதிக் கலவரத்தை இன்னும் மறக்காத குடும்பங்கள் உண்டு. 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் மக்களின் உயிர்கள் போயின. அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அன்று உயிரைப் பறித்தது காவல்துறையின் குண்டு. அந்த நாட்களில் வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, குறிப்பிட்ட சாலைகளில் ஊர்வலத்துக்குத் தடை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கமுதிக்கும் பரமக்குடிக்கும் போட்ட உத்தரவு தொண்டியில் தூண்டில் வளைவு கேட்பவர்களையும் சேர்த்து வாயடைப்பதுதான் தவறு. காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து அனுராதா பாசின் போட்ட வழக்கில் 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: 144ஐத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத் துஷ்பிரயோகம், நியாயமான கருத்தை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

அருமையான தீர்ப்பு. ஆனால் அது காஷ்மீரில் இணையத்தை முடக்கி 5 மாதம் கழித்து வந்தது. இணையத்தை உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அங்கே 4ஜி முழுசாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. நம் பக்கத்திலேயே 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. இறந்தவர் யார், காணாமல் போனவர் யார் என்று மக்கள் தேட வேண்டிய நாட்கள் அவை.

சரி, தடையை மீறி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? வழக்குப் போடுவார்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, சட்டவிரோதமாகக் கூடியது என்று இரண்டு பிரிவுகள். ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று நம் கடற்கரை ஊர்களில் பாதிப் பேர் சபுராளிகள். துபாய், சவூதி, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடுகிறது. பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, ஒருவர் மேல் குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்கலாம். வெளிநாடு போக வேண்டுமென்றால் அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி வர வேண்டும். வெறும் எஃப்ஐஆர் மட்டும் இருந்தால் அது 'நிலுவை வழக்கு' ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் போலீஸ் விசாரணை அறிக்கை எதிராகப் போய்விட்டால், அந்தத் தீர்ப்பைக் காட்டிப் புரியவைப்பதற்குள் விசா தேதி போய்விடும். போலீஸ் வேலைக்கு எழுதும் பையன் என்றால் இன்னும் மோசம். அந்த விதிகளில் சந்தேகத்தின் பலனால் விடுதலை ஆனவரைக்கூட வழக்கில் சிக்கியவராகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

ஊர்க் கூட்டத்தில் இப்போதெல்லாம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய பிள்ளைகள் பின்னால போங்க, பெரிய ஆளுங்க முன்னால உட்காருங்க" என்று ஊர்த் தலைவரே சொல்கிறார். அரசாங்கம் ஒரு சொல் சொல்லவில்லை. 20 வயதுப் பையன்கள் போராட்டத்திலிருந்து தாங்களாகவே விலகிவிட்டார்கள். அரசை எதிர்த்துப் பேசி ஜெயிலுக்குப் போனவர் யாரும் இல்லை என்று கேட்டீர்களே தம்பி, ஜெயிலுக்கு அனுப்பும் அவசியமே வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

இந்த வழக்குகளில் பல சட்டப்படி நிற்காதவை. தடை உத்தரவை மீறினார் என்ற குற்றத்துக்கு, அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியும். 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லி, இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. ஆனாலும் ரத்து செய்யச் சொல்லி ஒவ்வொருவரும் மதுரைக்குப் போய் மனுப் போட வேண்டும். தப்பாகப் போட்ட வழக்கு போடுவதற்கு அரை மணி நேரம், அதை எடுப்பதற்கு இரண்டு வருடம்.

இதைவிடப் பெரியது குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம். 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். கள்ளச் சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி என்று ஆரம்பித்தார்கள். பிறகு மணல் திருடுபவர், திருட்டு விசிடி விற்பவர், சைபர் குற்றவாளி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. திருட்டு விசிடி என்ற தொழிலே செத்துவிட்டது, சட்டத்தில் அந்தப் பிரிவு சாகவில்லை. மாவட்ட ஆட்சியர் அல்லது நகரக் காவல் ஆணையர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் கோப்பு, 7 வாரத்துக்குள் கழகத்தின் அறிக்கை என்று காலக்கெடு இருக்கிறது. அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கைதானவருக்கு இல்லை. வெளியே வரப் பெரும்பாலோர் நம்பும் வழி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

அந்த மனுக்களில் ஏராளமானவை ஜெயிக்கின்றன. எதில் ஜெயிக்கின்றன என்பதுதான் வேடிக்கை. கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள், ஏற்கெனவே சிறையில் இருப்பவர் ஜாமீனில் வந்துவிடுவார் என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை. இப்படி ஏதாவது ஒரு ஓட்டையில் உத்தரவு விழும். விழும்போது நாலைந்து மாதம் உள்ளே இருந்தாகிவிட்டது. வெளியே வந்தவருக்கு இழப்பீடு இல்லை. கையெழுத்துப் போட்டவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே படிவத்தில் அடுத்த பெயர். 2017 மே மாதம் மெரினாவில் ஈழத் தமிழருக்கு நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்தி மீது குண்டாஸ் போட்டார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மெழுகுவத்தி ஏந்தப் போனதற்கு நாலு மாதம். கோர்ட் இருக்கிறதே என்றால், ஆமாம், இருந்தது, செப்டம்பரில் இருந்தது.

இதில் கட்சி பார்த்துப் பேச வேண்டாம். அதிமுக ஆட்சியிலும் போட்டார்கள், திமுக ஆட்சியிலும் போட்டார்கள். தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. யார் எதிர்க்கட்சியோ அவர்கள் கண்டிப்பார்கள், ஆட்சிக்கு வந்ததும் படிவத்தைத் தேடுவார்கள்.

இதன் பிறப்பு பழையது. 1950 ஜனவரி 26இல் குடியரசு ஆனோம். ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி கடைசியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. ஒரு வருடத்துக்கு மட்டும் என்றார்கள். நீட்டி நீட்டி 1969 கடைசி வரை வைத்திருந்தார்கள். 1957 செப்டம்பரில் முத்துராமலிங்கத் தேவரைக் கைது செய்ததும் அந்தச் சட்டத்தில்தான். அந்தக் கைதைப் பற்றி இன்றும் இரண்டு கட்சியாகப் பேசும் ஊர் இது, அதற்குள் நான் போகவில்லை. 1971இல் மிசா, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1982இல் நம் குண்டாஸ். வெள்ளைக்காரன் காலத்து ரேகைச் சட்டத்தில், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தில், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்த தாத்தாக்களின் கதையை இங்கே பல வீடுகளில் கேட்கலாம். குற்றம் செய்யுமுன்பே இவன் செய்வான் என்று எழுதிவைக்கும் யோசனை அங்கிருந்து வருவது.

நெருக்கடி நிலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது, அதுவும் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. 1975 ஜூன் 25இல் நாடு முழுக்க அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் திமுக ஆட்சி இருந்ததால் முதல் சில மாதம் இங்கே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்தார்கள், சட்டமன்றமும் போனது. மிசாவில் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் நடந்த அடிதடியை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பிறகு விசாரித்தது. சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரோடு மீளவில்லை. இவை பலருக்கும் தெரிந்தவை.

அதிகம் பேசப்படாதது இது. ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகாத 1976 மார்ச் 23இல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லை பற்றி ஒப்பந்தம் போட்டன. அதோடு இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டுப் படகும் மீனவரும் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். 1974 ஜூன் ஒப்பந்தத்தில் கச்சத்தீவு போய்விட்டாலும், நம் மீனவரும் பக்தரும் முன்போல் அங்கே போய்வரலாம் என்று 5ஆவது ஷரத்து சொன்னது. இந்திய, இலங்கைப் படகுகளுக்கு வழக்கமாக இருந்துவந்த உரிமைகள் தொடரும் என்று 6ஆவது ஷரத்து சொன்னது. அவற்றின் பொருளையே சுருக்குவதற்கு 1976 கடிதம் இலங்கைக்குக் கைகொடுத்தது.

ஜனநாயகம் முழுசாக இருந்திருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். 1974 ஒப்பந்தம் சட்டமன்றம் இருக்கும்போதே வந்தது. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டும் நின்றுவிட்டது. ஆனால் 1974இல் கேட்க ஒரு மன்றம் இருந்தது, எழுதப் பத்திரிகை இருந்தது, ராமேஸ்வரத்தில் ஊர்வலம் போக முடிந்தது. 1976 மார்ச்சில் சட்டமன்றம் இல்லை, பத்திரிகைக்குத் தணிக்கை, பேசினால் மிசா. பாம்பன் மீனவரின் கடல் எதுவரை என்பது அவர் வாய் திறக்க முடியாத ஒரு மாதத்தில் எழுதப்பட்டது. நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் போய்விட்டது. கடிதம் போகவில்லை. இன்று படகைப் பிடிப்பது இலங்கைக் கடற்படை, தண்டிப்பது அந்த நாட்டுச் சட்டம். அது தனிக் கதை. அந்தக் கோட்டில் நம் தரப்புக் கையெழுத்து எந்த நிலையில் விழுந்தது என்பது நம் கதை.

1978இல் 44ஆவது திருத்தம் வந்து பழைய மாதிரி நெருக்கடி நிலை அறிவிப்பதைக் கடினமாக்கிவிட்டது. உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி இனி அறிவிக்க முடியாது, ஆயுதக் கிளர்ச்சி வேண்டும். உயிர் வாழும் உரிமையை நெருக்கடி காலத்திலும் நிறுத்த முடியாது. அதனால் இனி யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வானொலியில் வந்து அறிவிக்க மாட்டார்கள். அறிவிக்கும் தேவையும் இல்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவில் குற்றப்பத்திரிகை போட 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் குற்றச்சாட்டு உண்மை போலத் தெரிகிறது என்று நீதிபதி நினைத்தாலே ஜாமீன் கிடையாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பழங்குடிகளுக்காக ஜார்க்கண்டில் வேலை செய்தவர். 2020 அக்டோபரில் கைது செய்தார்கள். நடுக்குவாத நோயாளி, தம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சு குவளை கேட்டு மனுப் போட்டார், அதற்கும் வாய்தா ஓடியது. 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போது இறந்தார். வயது 84. அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை.

மண்டபம் முகாமைத் தாண்டித்தான் எல்லாரும் ராமேஸ்வரம் போகிறோம். அங்கே 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். அரசியல் சட்டத்தின் 14, 21 பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, 'எந்த நபருக்கும்' என்கின்றன. 19 மட்டும்தான் குடிமக்களுக்கு. ஆக அவர்களுக்கு உயிர் உண்டு, சமத்துவம் உண்டு, பேச்சும் நடமாட்டமும் அரசு விட்ட அளவு. வெளியூர் போய்த் தங்க வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேரவே இல்லை. 2021இல் மாநில அரசு பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுத்தது, அது நல்லதுதான். 40 வருடத் தற்காலிகம் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வேறெங்கும் போக வேண்டாம். முகாமில் பழகிப்போன பதிவும் கணக்கெடுப்பும் கடற்கரை ஊர்களுக்கு வந்தபோது, மீனவருக்கு டோக்கன், பயோமெட்ரிக் அட்டை என்று, நமக்கு அது புதிதாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடல் பாதுகாப்புக்கு அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்காகச் சேகரித்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுகிறதா என்று கேட்க ஆள் வேண்டும்.

கேட்பதற்கு இருந்த ஒரு கருவி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய், 30 நாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக 2023இல் நிறைவேறிய சட்டம் இதன் 8(1)(j) என்ற விலக்குப் பிரிவில் கைவைத்து, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க இடம் கொடுத்துவிட்டது. மானியப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால், "அது தனிநபர் தகவல்" என்று பதில் வரலாம். பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீட்டில் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். "நவம்பர்ல வாங்க" என்று வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பியதுதான் சிக்கல். அடுத்த தடவை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், தடை உத்தரவின் நகலையும் கேளுங்கள். உத்தரவால் பாதிக்கப்பட்ட யாரும் அதை மாற்றவோ நீக்கவோ சொல்லி உத்தரவு போட்ட அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். அவர் நேரிலோ வக்கீல் மூலமோ உங்களைக் கேட்க வேண்டும், தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத வேண்டும். பலருக்கும் இந்த வழி இருப்பதே தெரியாது. இதை ஆகஸ்டிலேயே ஆரம்பித்தால், செப்டம்பர் முதல் வாரத்தில் மறுப்புக் கடிதத்தோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேரம் இருக்கும். நிபந்தனையோடு அனுமதி கொடுக்கச் சொல்லிப் பல வழக்குகளில் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவச உதவி எண் 15100. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது குற்றம் இல்லை, அதற்குப் பாஸ்போர்ட்டும் போகாது. பின்னால் உட்காரச் சொன்ன அந்தப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.